சக்கிமுக்கி அக்காவின் பாலிஷ் டப்பா

மனித குலம் தீயை இரண்டு தடவை கண்டுபிடித்திருக்கிறது. முதல் தடவை எங்கே, யார் என்று சரியாகத் தெரியவில்லை. இரண்டாவது தடவை ஓசூரில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு லைன் வீட்டில், என் பாய்க்குப் பக்கத்தில் நடந்தது. கண்டுபிடித்தவர் எங்கள் சக்கிமுக்கி அக்கா. கண்ணால் பார்த்த ஒரே சாட்சி நான். நம்பாதவர்களுக்குக் காட்ட, அன்றைக்குப் பொறி விழுந்து ஓட்டையான போர்வையை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மிஸ்டு கால் கொடுத்தே எல்லா விஷயத்தையும் பேசி முடித்த காலம் அது. தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் எங்கள் இருவருக்கும் வேலை. நான் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து போனவள், அசெம்பிளி. அக்கா கல்லாவிக்காரர், பேக்கிங். கான்ட்ராக்டில் பல வருஷமாக இருந்தார். பெர்மனென்ட் ஆனதும் தனியாக ஒரு வீடு பிடித்து, ஊரில் ஒண்டியாக இருக்கும் அம்மாவைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. அதனால் எதைப் பேசினாலும் "பெர்மனென்ட் ஆவட்டும், அப்பறம் பாரு" என்றுதான் ஆரம்பிப்பார். சினிமாவுக்குப் போவதும் தலைக்கு எண்ணெய் வைப்பதும்கூட பெர்மனென்ட்டுக்குப் பிறகுதான்.

ஓசூர் குளிர் மார்கழி வரை காத்திருக்கிற குளிர் இல்லை. ஆடியிலேயே சாரலோடு வந்து உட்கார்ந்துவிடும். துணி காயாது, அப்பளம் பொரியாது, தீப்பெட்டி நமுத்துப் போகும். அப்படி ஒரு நாள் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது, அக்கா ஒரு தீப்பெட்டி முழுவதையும் உரசித் தீர்த்தார். ஒரு குச்சியும் பற்றவில்லை. டீ குடிக்காமல் அக்காவுக்குக் கண்ணே திறக்காது. குச்சியின் ஏழு தலைமுறையையும் திட்டி முடிப்பதற்குள் கம்பெனி பஸ் போய்விட்டது.

"பாப்பா, இனிமே இந்தக் குச்சிய நம்பி நா வாழ மாட்டன். எம் தீய நானே செஞ்சுக்கறன்" என்றார்.

"கடையில லைட்டரு விக்கிதுக்கா."

"வாங்கறதுக்கு எல்லாருக்கும் தெரியும். செய்யறதுக்கு யாருக்குத் தெரியும்?"

அன்றிலிருந்து எங்கள் அறை ஆராய்ச்சிக்கூடம் ஆனது. முதலில் வீட்டுக்காரம்மாவின் பூதக்கண்ணாடியை இரவல் வாங்கி மாடியில் பஞ்சோடு உட்கார்ந்தார். ஓசூர் சூரியன் அந்த வாரம் முழுக்க லீவு. அடுத்து சைக்கிள் பம்பின் வாயை அடைத்து, உள்ளே பஞ்சை வைத்து அழுத்தினார். பஞ்சு சூடாவதற்கு முன் தோள்பட்டை சுளுக்கிக்கொண்டது. நான் தைலம் தேய்த்துவிட்டேன். அப்போதும் அக்கா சளைக்கவில்லை. "சூடு வந்துச்சா இல்லயா? எடம்தான் மாறிப்போச்சு" என்றார்.

கடைசியில் உடைந்து கிடந்த அரிவாள்மணை கைகொடுத்தது. அதன் இரும்பில் ஒரு துண்டை எடுத்து, பழைய டூத் பிரஷ்ஷின் காம்பை வைத்துக் கட்டி, புடவைக் கிழிசலைச் சுற்றிப் பிடி போட்டார். அதில் உரசக் கல் வேண்டுமே? ஞாயிற்றுக்கிழமை கெலவரப்பள்ளி அணைக்குப் போனோம். ஊரே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு கரையோரம் வெள்ளைக் கற்களாகப் பொறுக்கினார். தோடு தொலைந்துவிட்டது போல என்று நினைத்து நாலைந்து பேர் கூடவே குனிந்து தேட ஆரம்பித்தார்கள். அக்கா அதை மறுக்கவில்லை. தேடினவர்கள் கையால் நகர்த்திப் போட்ட கற்களையும் சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டார்.

கல்லும் இரும்பும் உரசினால் பொறி வந்தது. ஆனால் நிற்கவில்லை, பிறந்த உடனே அணைந்தது. பொறியை ஏந்திக்கொள்ளக் கருகிய பருத்தித் துணி வேண்டும் என்று யாரோ சொல்லிக் கேட்டு வந்தார். காலியான ஷூ பாலிஷ் டப்பாவின் மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டு, உள்ளே துணித்துண்டுகளை அடுக்கி மூடி, ஸ்டவ் மேல் வைத்தார். துணி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்காரரின் கொடியில் காய்ந்த ஒரு வேட்டி அந்த வாரம் துண்டாகச் சுருங்கியிருந்தது. டப்பாவின் ஓட்டையிலிருந்து வந்த புகையில் தளி ஊர்க்காரரான வீட்டுக்காரம்மா இருமிக்கொண்டே ஓடிவந்தார். "ஏனம்மா இது, மனே எல்லா ஹொகே!" கன்னடம் தெரியாத எனக்கே வீடெல்லாம் புகை என்று புரிந்தது.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. துணியைக் கருக்க ஸ்டவ் எரிய வேண்டும். ஸ்டவ் எரியத் தீப்பெட்டி வேண்டும். தீப்பெட்டியே வேண்டாம் என்பதற்காக அக்கா காலி செய்த தீப்பெட்டிகளை நான் ஜன்னலோரம் அடுக்கி வைத்தேன். ஜன்னல் மறைந்தது.

"அக்கா, இத்தன குச்சிக்கு நாம டீயே போட்டுக் குடிச்சிருக்கலாம்ல?"

"ஆராய்ச்சின்னா சேதாரம் இருக்கும் பாப்பா. நீ பேசாம ஊது."

ஊதினேன். கருகிய துணியில் கடுகளவு சிவப்பு தெரிந்தது. அதைத் தேங்காய் நாரில் பொதிந்து மறுபடி ஊதினோம். குப்பென்று பிடித்துக்கொண்டது, என் போர்வையும்தான். நான் தண்ணீர்க் குடத்தைத் தேடி ஓட, அக்கா எரிகிற நாரோடு அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தார். அன்றைக்கு அந்தத் தீயில் போட்ட டீயை லைன் வீடு முழுக்கக் கொடுத்தார். சக்கிமுக்கி என்ற பெயரும் அன்றைக்கே வந்து ஒட்டிக்கொண்டது.

அதோடு விட்டிருந்தால் அக்கா அக்காவாக இருக்க முடியுமா? கல், இரும்பு, கருகிய துணி, நார் எல்லாவற்றையும் அந்தப் பாலிஷ் டப்பாவில் அடைத்துக் கம்பெனிக்குக் கொண்டுவந்துவிட்டார். எங்கள் கம்பெனியில் பெயிண்ட் அடிக்கிற பகுதி உண்டு. அதனால் தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் கேட்டில் உள்ள பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கேட்டில் நின்றவர் ராமநாதபுரத்துக்காரர், மீசை அண்ணன்.

"ஏத்தா, இதென்ன?"

"பாலிஷ் டப்பாண்ணா."

மீசை அண்ணன் குனிந்து அக்காவின் காலைப் பார்த்தார். "ரப்பர் செருப்புக்கு எதுக்குத்தா பாலிசு?"

வேறு யாராவது என்றால் மன்னிப்புக் கேட்டு நழுவியிருப்பார்கள். அக்காவோ விளக்கம் சொல்ல ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் டப்பாவைத் திறந்து, அங்கேயே உரசி, ஊதி, தீ மூட்டிக் காட்டினார். மீசை அண்ணன் ஸ்டூல் மேல் ஏறிக்கொண்டார். ஷிஃப்ட் மொத்தமும் கைதட்டியது. அந்த நேரம் பார்த்து மேனேஜரின் கார் உள்ளே நுழைந்தது. பெங்களூரிலிருந்து தினமும் வந்து போகிற மனிதர், கோபம் வந்தால்கூட மரியாதையாகத்தான் வரும்.

"மேடம், இது ஃபயர் இல்லவா? இன்னொரு தடவை இதை உள்ளே பார்த்தேன், கேட் பாஸ் கட். அப்புறம் பெர்மனென்ட்டும் இல்லே, ஒண்ணும் இல்லே."

பெர்மனென்ட் லிஸ்ட் ஆயுத பூஜை முடிந்து வரும் என்று பேச்சு. அக்கா பயந்துதான் போனார். டப்பா அறையிலேயே இருந்தது. ஆயுத பூஜையன்று கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, டிபன் பையைச் சற்றே விரித்துக் காட்டினார். உள்ளே டப்பா.

நான் பையின் வாயை இழுத்து மூடினேன். "வேணாங்க்கா, மேனேஜரு பாத்தாருன்னா அவ்வளவுதான்!"

"வெளிய எடுக்க மாட்டன் பாப்பா. இன்னிக்கு எல்லா மெஷினுக்கும் பூஜ. இது எங்கையால செஞ்ச மெஷினு. பையிலயே இருக்கட்டும், கற்பூரத்த மட்டும் அதுவும் பாத்துக்கட்டும்."

பூஜை நாள் என்பதால் பையை யாரும் சோதிக்கவில்லை. உள்ளே லேத், கிரைண்டர், வெல்டிங் செட் எல்லாம் குளித்துப் பொட்டு வைத்து மாலை போட்டு நின்றன. வாழைக்கன்று, பொரி, பூசணிக்காய் எல்லாம் தயார். ராகு காலம் நெருங்குகிறது என்று அவசரப்படுத்திய ஐயர், தட்டில் கற்பூரத்தை வைத்துவிட்டுக் கையை நீட்டினார். அந்தக் கையில் தீப்பெட்டியை வைக்க யாருமே இல்லை. கேட்டில் போட்டுவிட்டு வருவது எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது.

கேட்டுக்கு ஓடினார்கள். மீசை அண்ணன் பூஜைக்காக செக்யூரிட்டி அறையைத் தண்ணீர் அடித்துக் கழுவியிருந்தார். பிஸ்கட் டின்னையும் சேர்த்து. தீப்பெட்டிகள் எல்லாம் கூழாகியிருந்தன, நனைந்த லைட்டர் ஒன்றும் பற்றவில்லை.

"கிரைண்டர்ல ஒரு இரும்ப வச்சா பொறி பறக்குமே" என்றார் ஒருவர். பொட்டு வைத்த மெஷினைப் பூஜைக்கு முன்னால் ஓட்டலாமா என்று பத்துப் பேர் அவர் மேல் பாய்ந்தார்கள். பைக்கில் கடைக்குப் போகலாம் என்றால் எல்லா பைக்குக்கும் மாலை போட்டு, டயரடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. மேனேஜர் காரை எடுக்கச் சொன்னார். "பூஜ போடாம எப்படி சார் சாவி போடறது?" என்று டிரைவர் கையைக் கட்டிக்கொண்டார். நாள் முழுக்கப் பொறி பறக்கிற கம்பெனியில், ஒரே ஒரு பொறிக்கு வழியில்லாமல் எல்லோரும் நின்றோம். நடந்தே கடைக்குப் போன ஆள் திரும்பி வந்தபாடில்லை.

அக்காவின் கை டிபன் பைக்குள் போனது. நான் அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "அக்கா, பெர்மனென்ட்டு!"

"தீ இல்லாம நிக்கறாங்க பாப்பா. எங்கிட்ட இருக்குது. எப்படிச் சும்மா நிக்கறது?"

நேரே முன்னால் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். டப்பாவைப் பார்த்ததும் மேனேஜரின் முகம் மாறியது. முதல் உரசலில் ஒன்றுமில்லை. அடுத்ததில் பொறி தவறி விழுந்தது. அதற்கடுத்து துணியில் அந்தக் கடுகுச் சிவப்பு தெரிந்தது. நாரில் பொதிந்து அக்கா ஊதினார், ஐயரும் குனிந்து ஊதினார். தீ எழுந்தது, கற்பூரம் பிடித்தது, மணி அடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பெருமை என்றால் இன்னது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பக்கத்தில் நின்றவளிடம், "எங்க ரூம்புதான், எங்க அக்காதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளுக்கு அது ஏற்கெனவே தெரியும்.

பூசணிக்காய் உடைத்ததும் மேனேஜர் வந்தார். "மேடம், நான் என்ன சொல்லியிருந்தேன்?"

"உள்ள கொண்டாரக் கூடாதுன்னு சொன்னீங்க சார்."

"கொண்டு வந்தீங்க இல்லவா?"

"கொண்டாந்தன் சார்." அக்கா இவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை.

மீசை அண்ணன் குறுக்கே வந்தார். "சார், இவ பையப் பாக்காம விட்டது நாந்தேன். தீப்பெட்டியக் கழுவி ஊத்துனதும் நாந்தேன். கேட் பாஸ வெட்டுறதா இருந்தா எனக்கு ரெண்டு தடவ வெட்டணும்."

மேனேஜர் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அந்தத் தீயை இப்போத்தான் கண்ல ஒத்திக்கிட்டேன். அதுக்குள்ள எப்படி கட் பண்றது? டப்பா கேட்லயே இருக்கட்டும், மீசை பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் பொரி வாங்கப் போனார்.

லிஸ்டில் அக்காவின் பெயர் வந்தது. அம்மாவும் கல்லாவியிலிருந்து வந்துசேர்ந்தார். புது வீட்டில் அவர் கேட்ட முதல் கேள்வி, "தீப்பெட்டி எங்கடி வச்சிருக்க?" அக்கா அன்று முழுக்க அம்மாவோடு பேசவில்லை.

அடுத்த வருஷப் பூஜைக்கு மீசை அண்ணன் அந்த டப்பாவை இரு கையிலும் ஏந்திவந்து, லேத்துக்கும் கிரைண்டருக்கும் நடுவே வைத்தார். அதற்குச் சந்தனப் பொட்டு, குங்குமம், ஒரு முழம் கதம்பம். யாரும் தீப்பெட்டி தேடவில்லை. அக்கா யாரையும் பார்க்காத மாதிரி எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கல்யாணமாகி வேலையை விட்டபோது அந்த வெள்ளைக் கல்லை என் கையில் வைத்தார். "கல்ல வச்சிக்க பாப்பா. இரும்ப மட்டும் தர மாட்டன்" என்றார்.

இன்றைக்கும் ஆயுத பூஜையன்று மிக்ஸி, கம்ப்யூட்டர், ஸ்கூட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, அந்தக் கல்லுக்கும் ஒன்று வைப்பேன். போன வருஷம் என் மகள், "இது என்ன ஆயுதம்மா?" என்று கேட்டாள்.

"இது எங்க அக்கா" என்றேன்.