சீரோ லெவல் மாமாவும் இருட்டு ஹெல்மெட்டும்

உலகத்தில் வீடியோ கேமை மருந்தாகச் சாப்பிட்ட மனிதர் ஒரே ஒருவர்தான். காலை ஷிஃப்ட் முடிந்ததும் ஒரு ஆட்டம், சாயங்காலம் காபிக்குப் பிறகு ஒரு ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் கூடுதல். ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் ஒரு மாடி அறையில் நடந்த வீடியோ கேம் கடையில் அந்த மருந்தை எடுத்துக் கொடுத்த கம்பவுண்டர் நான்.

கோலார் தங்க வயலே அவரை ‘சீரோ லெவல்’ என்றுதான் கூப்பிட்டது. வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊரில் லெவல் என்றால் சுரங்கத்தின் மாடி. ஆனால் தலைகீழ் மாடி. கீழே போகப் போக எண் ஏறும். பத்தாவது லெவல் பக்கத்து வீடு மாதிரி. அறுபதாவது லெவலில் பாறையே வேர்க்கும். தரைக்கு எண்ணே கிடையாது. அந்தத் தரையை விட்டு ஒரு நாளும் இறங்காதவர் என்பதால் அவர் சீரோ.

வேலை என்னவோ சுரங்கத்தில்தான். சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழியான ஷாஃப்ட் வாசலில் டோக்கன் ஆபீஸ் ரைட்டர். இறங்குகிற ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட பித்தளை வில்லையை ஜன்னல் வழியாகக் கொடுப்பார். ஏறி வந்ததும் வாங்கி அந்தந்த ஆணியில் மாட்டுவார். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அடுத்த ஷிஃப்ட் ரைட்டர் வந்து உட்கார்ந்த பிறகும், தன் ஷிஃப்ட் ஆணிகள் நிறையும் வரை இவர் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார். இருபத்தெட்டு வருஷம் ஆணிகளைப் பார்த்துப் பார்த்து அவருக்கு மனிதர்களின் பெயர் மறந்து நம்பர்தான் நின்றது. கடைத்தெருவில் நின்று, “இன்னா ஆயிரத்து எட்டு, கொயந்தைக்கு ஜொரம் வுட்டுதா?” என்று அக்கறையாக விசாரிப்பார்.

வாலிப வயதில் ஒருமுறை இறங்கப் பார்த்தாராம். ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டான கேஜுக்குள் நின்றார், மணி அடித்தார்கள், கேஜ் இரண்டடி இறங்கியது. அவர் போட்ட கூச்சலில் இன்ஜின் டிரைவர் பயந்துபோய் நிறுத்தி மேலே இழுத்துவிட்டார். இரண்டடி ஆழம் வரை போய் உயிரோடு திரும்பிய ஒரே தொழிலாளி என்று அதற்குப் பிறகு அவரைப் பற்றிப் பேசினார்கள்.

கட்டிய மனைவிக்கோ மூன்று அண்ணன்கள். மூவருக்கும் சுரங்கத்துக்குள்ளே அண்டர்கிரவுண்ட் வேலை. ஒவ்வொரு பொங்கலுக்கும் பந்தியில் மூத்த மச்சான் ஆரம்பிப்பார்: “அவுருக்கு ரெண்டு கரண்டி போதும்மா. நெழல்ல குந்திகினு வேல செய்றவருக்கு இன்னா பசி?”

சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு ஊரில் உறுதியான வருஷத்துப் பொங்கலில் சீரோ மாமா இலையிலிருந்து தலையைத் தூக்கி, “மூடறதுக்குள்ள ஒரு தபா நானும் எறங்கிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டார். பந்தி சிரித்த சிரிப்பில் ரசம் பரிமாறிக்கொண்டிருந்த அவர் மனைவிகூடச் சேர்ந்துகொண்டாள். அந்தச் சிரிப்புதான் அவரை எங்கள் கடையின் மாடிப்படி ஏற வைத்தது.

“தம்பி, இங்க ஆளு குழிக்குள்ள குதிக்கிற ஆட்டம் கீதாமே?”

“இருக்கு மாமா. யாருக்கு, உங்க பையனுக்கா?”

“எனக்குத்தாம்பா. நீ ரெண்டாயிரத்து நாப்பத்தியேழு புள்ளதான?”

அது என் அப்பாவின் டோக்கன் நம்பர். ஆமாம் என்றேன். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னார். பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி அடக்க வேண்டும், டி.வி. பெட்டிக்குள் இறங்கிப் பழகினால் கேஜில் இறங்கலாம். சுரங்கம் மூடுவதற்குள் முடிய வேண்டும்.

எங்கள் வீட்டில் கைநாட்டை விட்டுக் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, ஒரு வேலை கிடைக்கும் வரை என்று அந்தக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படித்தவன் எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்பது என் கொள்கை. உடனே ஒரு நோட்டுப் போட்டேன். ஆட்டத்தின் பெயர், ஆடிய நேரம், வேர்வை: லேசாக அல்லது பலமாக.

முதலில் குழியே இல்லாத ஆட்டங்களாகக் கொடுத்தேன். கார் ரேஸில் ஒவ்வொரு வளைவிலும் காரை நிறுத்தி, ஜன்னல் வழியாகக் கை காட்டுவது போல் தன் கையை நீட்டினார். கடைசியாக வந்தார். “ரோட்ல ஒரு ஆளு இல்ல, ஒரு ஆடு மாடு இல்ல. இவ்ளோ அவசரமா எங்க போறானுங்கோ?” என்பது அவர் விமர்சனம். இரண்டு பேர் குத்திக்கொள்ளும் ஆட்டத்தில் கண்ட்ரோலரைத் தொடவே மறுத்துவிட்டார். “மொதல்ல இவங்க ரெண்டு பேருக்கும் இன்னா தகராறுன்னு சொல்லு. ஞாயம் யாரு பக்கம்னு தெரியாம நான் யாரையும் அடிக்க மாட்டேன்.”

அப்புறம் குழி ஆட்டத்துக்கு வந்தோம். தொப்பி போட்ட ஒருவன் பள்ளம் பள்ளமாகக் குதித்து வைரம் பொறுக்குவான். மாமா முதல் பள்ளத்தின் விளிம்பில் அவனை நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் யோசித்தார். நான் பொறுமை இழந்து, “விழுந்தாலும் பரவால்ல மாமா, மூணு உயிர் இருக்கு” என்றேன்.

“மூணு உசுரு குடுத்தா எவன்தான் எறங்க மாட்டான்!” என்று சொல்லிக் குதித்தார். இறங்கியதும் திரையில் பெரிய எழுத்தில் ‘லெவல் டூ’ என்று வந்தது. நான் கை தட்டினேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

“இன்னாப்பா இது, அதுக்குள்ள ரெண்டாவது லெவலா? சொல்லாம கொள்ளாம எறக்கிட்டியே!”

“மாமா, ஆட்டத்துல லெவல்னா ஜெயிச்சு ஏறுறது.”

“ஏறினா லெவல் கொறையணுமே. உன்ன யாரு டிகிரி படிக்க வெச்சது?”

எங்கள் ஊர்க் கணக்குப்படி அவர் சொன்னதுதான் சரி. இதே கடையில் ஆடிவிட்டுப் போன ஒருவன், “பத்தாவது லெவல் போய்ட்டேம்மா!” என்று வீட்டில் சொல்ல, அவன் அம்மா அழுதுகொண்டே அவன் சட்டையில் சேறு தேடிய கதையும் உண்டு. எனவே அவர் முறைப்படியே போனோம். ஒரு நாளைக்கு ஒரு லெவல். நான்காவது லெவலில், பதினாலு அங்குல டி.வி. முன்னால் உட்கார்ந்தபடியே, “காது அடைக்குதுப்பா” என்றார். நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆறாவது லெவலில் துண்டால் விசிறிக்கொண்டார். ஏழாவதில் தொப்பிக்காரனைத் திரும்ப மேலே ஏற்ற வழி கேட்டார். வழி இல்லை என்றதும் கரண்ட் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். “அவன் குடும்பம் தேடும்ல?” என்றார்.

வைத்தியம் இப்படி ஏழாவது லெவலில் சிக்கிக் கிடந்தபோதுதான் முதலாளி பெங்களூரிலிருந்து அந்த ஹெல்மெட்டைக் கொண்டுவந்தார். அங்கே ஒரு பெரிய கடையில் ஆடித் தேய்ந்து கழித்துப் போட்டது. தலையில் மாட்டினால் கண் இரண்டும் மூடிக்கொள்ளும். உள்ளே இன்னொரு உலகம் தெரியும். தலையைத் திருப்பினால் அந்த உலகமும் திரும்பும். கடைக்கு வரும் ஐ.டி.ஐ. பையன்கள், “சக்கத்தாகிதே குரு!”, பிரமாதமாக இருக்கிறது என்று கன்னடத்தில் குதித்தார்கள். நானும் போட்டுப் பார்த்தேன். உள்மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்: உள்ளே போனதும் முதலில் வருவது ராட்சதன் அல்ல, நமக்கு முன்னால் போட்டவனின் தேங்காயெண்ணெய் வாசனை. மலை, மரம், மனிதன் எல்லாம் செங்கல் செங்கலாகத் தெரியும். இருந்தும் கீழே குனிந்து பார்த்தால், நம் காலுக்கு அடியில் முடிவில்லாத ஒரு பள்ளம். ஒரு பலகை மேல் நின்றபடி அதற்குள் இறங்குவதுதான் ஆட்டம். கேஜேதான்!

சீரோ மாமா ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “லைட்டு எங்க?”

“இதுல லைட் கிடையாது மாமா.”

“லைட்டு இல்லாத ஹெல்மெட்ட கண்டுபிடிச்சவன் எந்த ஊருக்காரன்?” என்று முனகிக்கொண்டே மாட்டிக்கொண்டார். பலகை அசைந்தது. அவர் இரண்டு கையாலும் காற்றைப் பிடித்தார். காற்றில் இருந்தது ஒரு ஐ.டி.ஐ. பையனின் மூக்கு. அதை அவர் விட்ட பிறகு அந்தப் பையன் ஒரு வாரத்துக்குக் கன்னடத்தையே மறந்துபோனான். ஆனால் மாமா வைத்தியத்தை விடவில்லை. மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும். பலகை இறங்கும்போதெல்லாம் கை ஒரு மூக்கைத் தேடும்.

நான்காம் நாள் அவர் பலகையில் பாதி தூரம் இறங்கியிருந்தபோது ஊர் குலுங்கியது. எங்களுக்குப் புதிதல்ல. பூமிக்கு அடியில் பாறை நெரிந்து வெடித்தால் மேலே வீடுகள் ஆடும். தங்க வயலில் சுவரில் மாட்டிய எந்தப் படமும் நேராக நிற்காது. ஆனால் அன்று அடித்தது பெரிய அடி. டி.வி. மேஜை நடந்தது. கண்ணாடி டம்ளர் விழுந்து உடைந்தது. கடையிலிருந்த அத்தனை பேரும் மாடிப்படியில் உருண்டு தெருவுக்கு வந்தோம். முதலில் வந்தவன் நான்.

தெருவில் தலைகளை எண்ணியபோதுதான் ஒரு தலை குறைந்தது. திரும்பி மேலே ஓடினேன். அறை நடுவில், கால்களை அகட்டி, ஹெல்மெட்டோடு கம்பீரமாக நின்றுகொண்டிருந்தார் சீரோ மாமா.

“தம்பி! இன்னிக்கு மிஷினு சூப்பரா கீதுப்பா! தரையெல்லாம் எப்டி ஆட்டறான் பாரு! இத்த மொத நாளே வெச்சிருக்கக் கூடாதா?”

“மாமா, அது மிஷின் இல்ல. நெசமாவே குலுங்கிச்சு. எல்லாரும் ஓடிட்டோம்.”

ஹெல்மெட்டைக் கழற்றினார். உடைந்த டம்ளரைப் பார்த்தார். காலி நாற்காலிகளைப் பார்த்தார்.

“அப்ப நான் ஓடலியா?”

“இல்ல மாமா.”

“பயப்படவும் இல்ல?”

“இல்ல மாமா.”

அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்க அவர் நிற்கவில்லை. “அய்யோ, ஆணி!” என்று கத்தியபடி இறங்கி, யாருடைய சைக்கிளையோ எடுத்துக்கொண்டு ஷாஃப்டை நோக்கிப் பறந்தார். அன்று அவருக்கு ஷிஃப்டே இல்லை. மறுநாள் காலை வந்து, “எல்லா ஆணியும் நெறஞ்சிது. உங்க நைனா நல்லா கீறாரு” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “தம்பி, எறங்கிடலாம். இந்த தெகிரியம் ஆறிப்போறதுக்குள்ள எறங்கிடணும்” என்றார்.

அப்பா அதிகாரியிடம் பேசி அனுமதி வாங்கினார். நானும் வருகிறேன் என்றேன். என் கால் அங்கே படக்கூடாது என்பதற்காகவே என்னைப் படிக்க வைத்தவர் அப்பா. இருந்தும் கடைசியில், “ரைட்டரு கூடன்னா போ. அவுரு உன்ன பாத்துக்குவாரு” என்றார். தனியாக மாமாவைக் கூப்பிட்டு, “பயப்படாதீங்க ரைட்டரே, எம்புள்ள உங்கள பாத்துக்குவான்” என்றும் சொல்லி வைத்திருந்தார்.

குறித்த நாளில் டோக்கன் ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றார் சீரோ மாமா. குனிந்து உள்ளே பார்த்து, “இவ்ளோ சின்ன ஜன்னலா இது?” என்று திகைத்தார். உள்ளே இருந்த ரைட்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வில்லையை நீட்டினார். கேஜுக்குள் நான், மாமா, அப்பா, இன்னும் சிலர். கதவுச் சங்கிலி மாட்டினார்கள். மணி அடித்தது.

“தம்பி, எத்தினி உசுரு கீது?”

“ஒண்ணுதான் மாமா.”

“அப்ப நிறுத்துற பட்டன் எங்கடா?”

பதில் சொல்வதற்குள் தரை எங்களை விட்டுப் போய்விட்டது. நான் தைரியமாக நின்றேன் என்று எழுதத்தான் ஆசை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டடி ஆழத்தில் ஒரு கூச்சல் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

நாற்பதாவது லெவலில் கேஜ் நின்றது. அங்கே ஷிஃப்ட் முடிந்து ஏறக் காத்திருந்தவர்கள் விளக்கை எங்கள் பக்கம் திருப்பினார்கள். ஒருவர் அலறினார்: “டேய், ரைட்டருக்கு காலு கீதுடா!”

இருபத்தெட்டு வருஷமாக வேலை இடத்தில் அவரை ஜன்னலுக்கு மேலே மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். ஆளாளுக்கு வந்து தொட்டுப் பார்த்தார்கள். மூத்த மச்சானும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். தன் பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி நீட்டினார். மாமா குடித்துவிட்டு, விளக்கைச் சுற்றிலும் ஓட்டிப் பார்த்து அறிக்கை கொடுத்தார்: “படம் சுமார். ஒரே இருட்டு. சவுண்டு நல்லா கீது. சூடுதான் கொஞ்சம் ஓவரா வெச்சிருக்கான்.”

திரும்பும்போது ஒரு சிக்கல். கேஜ் வந்தது, அவர் ஏறவில்லை. “நீங்க போங்க, நீங்க போங்க” என்று ஒவ்வொருவராக ஏற்றி அனுப்பினார். ஏறுகிறவர்களின் நம்பரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த கேஜும் அப்படியே. அப்பா மூன்று தடவை கூப்பிட்டும் அசையவில்லை. கடைசி ஆளும் ஏறிய பிறகுதான், “இப்ப செரி” என்று எங்களோடு வந்து நின்றார். ஏறும்போதும் என் மணிக்கட்டை விடவில்லை.

மேலே வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். என் கையில் மாமாவின் நான்கு நகக்குறிகள், நல்ல ஆழமாக. வீட்டில் அம்மா பதறிப்போய் மஞ்சளை இழைத்துக்கொண்டு வந்தாள். வேண்டாம்மா, அது அப்படியே கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.