மாமாவின் இதயமும் பதினொரு ஊக்குகளும்

பட்டியல் போட்டு வாழ்கிறவர்கள் அதில் தங்கள் பெயரைச் சேர்ப்பதில்லை. என் கல்யாணத்துக்கே முப்பத்தாறு வரிப் பட்டியல் போட்ட எனக்கும் அதுதான் வினையாயிற்று.

காரைக்காலில் ஒரு ஸ்கேன் சென்டரில் நான் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். கல்யாண விடுப்பு முடிந்து திரும்பிய முதல் நாளே, அத்தையோடு நோயாளியாக வந்தவர் என் மாமனார். பட்டினச்சேரிக்காரர், கடல் தொழில். எக்கோ பார்த்த டாக்டர், இதயத் தசை தடித்திருக்கிறது, நோயா என்று எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும் என்று அனுப்பியிருந்தார். நோய் என்றால் வலை இழுப்பதை விட்டுவிட வேண்டும். மாமா விடுகிற ஆளில்லை.

"நாப்பது வருசமா வலை இழுத்த உடம்பும்மா. தோளு தடிச்சிருக்கு, கை தடிச்சிருக்கு. நெஞ்சு மட்டும் மெலிஞ்சா இருக்கும்?"

காந்த அறைக்குள் இரும்பு போகாமல் பார்க்கும் பட்டியலை எடுத்தேன். சாவி, சில்லறை, கத்தி எதுவும் இல்லை.

"உடம்புக்குள்ள எங்கயாச்சும் இரும்பு இருக்கா மாமா?"

"போன வருசம் தூண்டி முள்ளு ஒண்ணு ஏறுச்சு. அப்பவே புடுங்கிட்டேன்."

எல்லாவற்றுக்கும் டிக் அடித்தேன். அவரைப் படுக்க வைத்து, நெஞ்சில் பட்டையைக் கட்டக் குனிந்தேன். துப்பட்டாவுக்குள் இருந்த என் தாலிச் சங்கிலி தானாக வெளியே வந்து, தரைக்கு இணையாக நின்று, என்னை இயந்திரத்தின் வாய்க்குள் கூப்பிட்டது. (தங்கத்தைக் காந்தம் தொடாது. ஆத்திர அவசரத்துக்கு ஆகும் என்று அத்தை அதில் கோத்துவிட்டிருந்த நாலு ஊக்குகளைத் தொடும்.)

பதறாமல் பின்வாங்கு என்றது என் படிப்பு. "ஆத்தா!" என்றேன் நான்.

வாசலில் நின்ற அத்தை, "ஐயோ, எம்புள்ள தாலி!" என்று உள்ளே பாய்ந்தார். அவர் தாலியில் ஏழு ஊக்கு, போதாக்குறைக்கு ஒரு முள்வாங்கி.

மாமியாரும் மருமகளும் அவரவர் தாலியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தோம். மாமா தலையைத் தூக்கிப் பார்த்தார். தொழில்காரர் அல்லவா!

"விட்றாதீங்க! குதிகால ஊனு! ரெண்டு பேரும் ஒண்ணா இழுங்க, ஐலசா! நான் வரவா?"

"எந்திரிக்காதீங்க மாமா!"

அடி அடியாக வெளியே வந்து விழுந்தோம். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் எங்கள் பெரிய டாக்டர் பிஸ்கட்டை டீயில் முக்கியபடியே உறைந்திருந்தார். பிஸ்கட் கரைந்து போயிருந்தது.

ஊக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு, ஸ்கேனை ஒழுங்காக முடித்தேன். இதயத்தின் நடுச்சுவர் நன்றாகவே தடித்திருந்தது. சாயம் ஏற்றியதும் தழும்புகள் வெள்ளையாகத் தெரிந்தன. நோய்தான். இனி வலையைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். சண்டைக்குத் தயாராக நானும் அத்தையும் மாமாவைப் பார்த்தோம்.

"சரிங்க டாக்டர்" என்றார் மாமா. "எங்கூட்டுப் பொம்பளைங்க ரெண்டு பேரையும் ஒத்தையா இழுத்த மெஷினு. அது சொன்னா கேட்டுத்தான் ஆவணும்."

இப்போது அவர் கரையில் மீன் ஏலம் விடுகிறார். கடலுக்குப் போகாத காரணத்தை யார் கேட்டாலும் இந்தக் கதைதான். போன வாரம் சொன்னபோது அத்தை தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் பறந்தார். நான் திருத்தவில்லை. மாமா வலையைத் தொடாமல் இருக்கும்வரை அத்தை எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் பறக்கட்டும்.