கை காலி, பந்தயம் முழுசு

உதார் விடுகிறவர்களில் பல ரகம் உண்டு, ஐயா. நான் சொல்வது ஒமாஹா போக்கரில் 'பாட்!' என்று கத்துகிற ரகம். அந்த ஆட்டத்தில் கைக்கு நாலு சீட்டு. நடுவில் எவ்வளவு பணம் குவிந்திருக்கிறதோ அதற்குமேல் யாரும் பந்தயம் கட்டக்கூடாது. அந்த உச்சவரம்புக்குத்தான் பாட் என்று பெயர். நல்ல சீட்டு வந்தால் நம் ஆசாமி, எதிராளி பயந்து ஓடிவிடுவாரோ என்று நடுங்கி, கூச்சத்தோடு, காதில் விழாத குரலில் பாதிதான் கட்டுவார். ஒன்றுமே வராவிட்டால் முழுசு! பின்லாந்தின் தம்பெரே நகரில் எங்கள் மேசையில் எல்லோருக்கும் இது தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. தம் முகம் கருங்கல் என்று நினைப்பு.

எங்கள் ஆசாமியின் பெயர் தோர்ஸ்தி. போன சனிக்கிழமை மத்தியானம், சவுனாவுக்கு, அதாவது கல்லைச் சூடாக்கி ஆவியில் குளிக்கிற அறைக்கு, புது அடுப்பு வாங்கச் சொல்லி மனைவி ஐலா கொடுத்த அறுநூறு யூரோவோடு, கடைக்குப் போகிற வழியில், "அரை மணி நேரந்தான்" என்று வந்து உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் அவரிடம் மிச்சம் நானூறு; நடுவிலும் நானூறு. எல்லோருக்கும் பொதுவாக மேசையில் விரித்த ஐந்து சீட்டில் மூன்று இஸ்பேட். தோர்ஸ்தியின் கையில் இஸ்பேட் ஏஸ் ஒன்றே ஒன்று. ஐந்து இஸ்பேட் சேர்ந்தால் பெரிய கைதான்; ஆனால் ஒமாஹாவில் அதற்குக் கைச்சீட்டில் இரண்டைச் சேர்த்தாக வேண்டும். ஒற்றை ஏஸ் ஒன்றுக்கும் ஆகாது. ஆனால் அது தம்மிடம் இருக்கும்போது வேறு யாரிடமும் இருக்க முடியாதே, பயமுறுத்தலாமே! இந்த ஞானோதயம் அவருக்கு வாரம் ஒரு முறை வரும்.

"பாட்!"

எதிரே உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர் ஹெல்வி யோசித்தார். ஒரு நிமிஷம். மூன்று நிமிஷம். எங்கள் ஊரில் மௌனம் யாரையும் உறுத்தாது. நாலு கோப்பை காப்பி குடித்து முடிக்கும்வரை வாய் திறக்காமல் இருந்துவிட்டு, நல்லாப் பொழுது போச்சு என்று எழுந்து போவோம். தோர்ஸ்தியும் அப்படித்தான். அன்றைக்கு என்னவோ வாய் தானாகத் திறந்துகொண்டது.

"என்ன ஹெல்வி, உன் நாய் நல்லாயிருக்கா? ஒழுங்கா சாப்பிடுதா?"

நாங்கள் திகைத்துப்போய் அவரைப் பார்த்தோம்.

"பதினோரு வருஷமா ஒண்ணா ஆடறோம்," என்றார் ஹெல்வி. "எனக்கு நாய் இருக்குன்னு உனக்குத் தெரியும்னே இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். இந்தா, நானும் நானூறு."

ஹெல்வியிடம் இருந்தது ஒரு ஜோடி ஒன்பது. அதுவே தாராளமாகப் போதும். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு, பாவமாகவும் இருந்தது.

வீடுவரை கொண்டுபோய் விட்டவன் நான்தான். வாசலிலேயே ஐலா.

"அடுப்பு எங்க?"

"சாதாரண அடுப்பா அது? கடையிலேயே பெருசு! இருநூறு கிலோ கல்லு பிடிக்கும்! லாரியிலதான் வரணும்!"

"எவ்வளவு விட்டே?" என்றார் ஐலா.

நீங்கள் அந்த ரகம் இல்லவே இல்லை என்கிறீர்களா? சரி, நம்புகிறேன். அதை ஏன் இவ்வளவு சத்தமாகச் சொல்கிறீர்கள்?