பட்டன் டாக்டரும் என் வயிற்றெரிச்சலும்

புனேயில் என் வயிறு எரிவதற்கு ஒரே காரணம் பட்டன் டாக்டர்தான். இந்த ஊர்க்காரர்கள் காலையிலேயே பாவோடு சாப்பிடும் காரமான மிசல் குழம்பைக்கூட மன்னித்துவிட்டேன். அவரை மட்டும் முடியவில்லை.

என் மகள் இலக்கியாவுக்குப் பதினான்கு வயது. பக்கத்திலுள்ள பிம்ப்ரியில் மல்யுத்தம் கற்றுக்கொள்கிறாள். வீட்டில் நான் தமிழில் கேட்டால் இந்தியில் பதில் வரும், அதுவும் மூன்று வார்த்தைக்கு மேல் போகாது. ஒருநாள் பயிற்சியில் எதிராளியின் தலை மோதி, இவளுடைய இடது காது பணியாரமாக உப்பிவிட்டது. தலைமுடியால் மூடி இரண்டு நாள் ஓட்டினாள். மல்யுத்தக்காரர்களுக்குச் சுருங்கிப்போன காது பதக்கம் மாதிரியாம்.

கண்டுபிடித்து இழுத்துக்கொண்டு போனேன், பட்டன் டாக்டரிடம். திருநெல்வேலிக்காரர். காதில் கட்டிய ரத்தத்தை வடித்துவிட்டு, மறுபடி கட்டாமலிருக்க முன்னும் பின்னும் சுத்தம் செய்த சட்டைப் பட்டனை வைத்து, அழுத்தித் தைத்துவிடுவார். அதுவும் பிள்ளைகள் கேட்கும் நிறத்தில்.

"தைக்காம உட்டா என்னங்க ஆகும்?" என்று கேட்டேன்.

துணி காயப்போடும் கிளிப் ஒன்றை எடுத்து என் காதில் மாட்டினார். "இப்பிடி அமுக்குனாத்தான் தோலு ஒட்டும் சார். இல்லன்னா காது சுருங்கி காலிஃபிளவர் ஆயிரும்." தையல் முடியும்வரை கிளிப்பைக் கழற்றவில்லை. இலக்கியா சிரித்த சிரிப்பில் மயக்க ஊசியே தேவைப்பட்டிருக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போட்டி. "வேண்டாம் கண்ணு" என்று ஒரு சாயங்காலம் முழுக்கக் கெஞ்சினேன். கதவை அறைந்து சாத்திக்கொண்டாள். மறுநாள் காதைப் பார்த்த டாக்டர் சொன்னது இவ்வளவுதான்:

"ஏட்டி, போட்டிக்குப் போ. ஆனா எம்பக்கத்துல உக்காந்து வேடிக்கைதான் பாக்கணும்."

"ஓகே அங்கிள்" என்றாள். எனக்குப் புகைந்தது.

ஞாயிறன்று வறுகடலைப் பொட்டலத்தோடு அவர் வந்தே விட்டார். இரண்டு பேரும் முன்வரிசையில். நான் இரண்டு வரிசை பின்னால், தனியாக. இவள் வாய் ஓயாமல் பேசினாள், தமிழில். கூச்சலில் அங்கங்கே காதில் விழுந்தது.

"அப்பா வந்தான், அப்புறம்..."

"வந்தாருன்னு சொல்லுட்டி."

பதினான்கு வருடமாக என்னிடம் அவள் பேசாத தமிழ், இவருக்கு ஒரு ஊசியில் கிடைத்துவிட்டது.

அவள் தண்ணீர் குடிக்கப் போனபோது அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அப்படி என்னதானுங்க பேசுறா?"

"பூரா ஒங்களப் பத்திதான் சார். போன தடவ அவ தோத்தப்ப நீங்க பாத்ரூம்ல குழாயத் தொறந்து விட்டுட்டு அழுதீங்களாமே. அவளுக்குத் தெரியும்னு ஒங்களுக்குத் தெரியாதாம். நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிராதீங்க."

நான் கடலையைத் தின்பதுபோல் குனிந்துகொண்டேன்.

பத்து நாளில் தையல் பிரித்தார். காது பழையபடி தட்டையாக இருந்தது. மாதம் ஆறாகிறது. எனக்குக் காதில் ஒரு கோளாறும் கிடையாது. இருந்தாலும் நாளைக்கு, இந்த மாதத்தில் மூன்றாவது தடவையாக, அவரிடம் காட்டப் போகிறேன்.