கனடாவுக்குக் கல்யாணம்

எந்த நாட்டுச் சட்டம் எப்படி மாறினாலும் அதற்குத் தகுந்தாற்போல் தன்னையும் மாற்றிக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் 'கனடா'தான். அவருக்கு வேறு பெயர் இருந்தது. எண்பதுகளின் திண்டிவனத்தில் அது யாருக்கும் தேவைப்படவில்லை.

என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு எதிர்க்கடையில் எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். கூடப் படித்தவன் கனடாவிலிருந்து, பனியில் காரோடு நிற்கும் போட்டோ அனுப்பினான். அவ்வளவுதான். அங்கேயே நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டு மனுப் போட்டார். அடித்துக் கொடுத்தது நான்.

வயசு, படிப்பு, தொழில் பார்த்து மார்க் போடுவார்களாம். எந்தத் தொழிலுக்கு மார்க் என்பதுதான் நிலையில்லை. மெட்ராஸ் ஏஜெண்டு பக்கத்து மருந்துக்கடைக்குப் போன் பண்ணிச் சொல்வார். மெக்கானிக் வேண்டாம், வெல்டர்தான் வேண்டும் என்றார்கள். கூட்டேரிப்பட்டுப் பட்டறையில் கண் சிவக்க வெல்டிங் கற்றார். முடிப்பதற்குள் வெல்டர் வேண்டாம், சமையல்காரர் வேண்டும் என்றார்கள். விழுப்புரத்தில் கல்யாணச் சமையல் கோஷ்டியில் சேர்ந்தார். அவர் வைத்த முதல் சாம்பாரைச் சாப்பிட்டவர்கள், வெல்டராகவே இருந்திருக்கலாம் என்று அபிப்பிராயப்பட்டார்கள். குளிர் பழகுகிறேன் என்று ஐஸ் பேக்டரிக்குள் உட்கார்ந்து ஜன்னி கண்டதும் உண்டு.

இதில் மாட்டிக்கொண்டவள் வசந்தா. பெருமுக்கல்லில் இருந்த தாய்மாமன் மகள். அவருக்கென்று பேசி வைத்த பெண். என்னிடம் டைப்ரைட்டிங் படித்தவள். அவளுடைய அப்பா தை பிறந்தால் வந்துவிடுவார்.

"இன்னா மாப்ளே, இந்த வருசமாவது தாலி கட்டுவியா?"

"ரூலு மாறிப்போச்சு மாமா. இப்ப கல்யாணம் பண்ணிக்கினா பைலு முதல்லேர்ந்து போவணுமாம்."

"அவன் ரூல மாத்திக்கினே இருக்கட்டும். எம்பொண்ணு வயசு நின்னுக்கினு இருக்குமா? வேற எடம் பாக்கறேன், போ."

நிஜமாகவே வேறு இடம் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கனடா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஏஜெண்டின் போன் வந்தது: படித்த மனைவி இருந்தால் கூடுதல் மார்க்!

"சார், ஜல்தியா ரெண்டு பேரு பேர்லயும் ஒரு அப்ளிகேஷன் அடிங்க. பெருமுக்கல்லு போவலாம்!"

மொபெட்டில் போய் இறங்கினோம். வசந்தா களத்தில் வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, காயவைத்துக்கொண்டிருந்தாள். இவர் மூச்சு வாங்கச் செய்தியைச் சொல்லி முடித்தார். அவள் நிமிர்ந்தாள்.

"இத்தினி நாளு நானு ஆவாதுன்னான் கனடாக்காரன். இப்ப வேணும்னு அவன் சொல்றானா, நீ சொல்றியா மாமா?"

 கனடா குனிந்து ஒரு மல்லாட்டையை எடுத்து உடைத்தார்.

"நான்தான் சொல்றேன். நீ வேற எடத்துக்குப் போய்ட்டா, நான் எந்த ஊருக்குப் போயி இன்னா பண்ணப்போறேன்?"

"அப்ப அந்தக் காயிதத்தக் கிழி."

கிழித்தார். அவள் என் பக்கம் கை நீட்டினாள்.

"கார்பன் காப்பி, சார்?"

நான் கற்றுக்கொடுத்த பெண்! மறுபேச்சில்லாமல் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த முகூர்த்தத்தில் மயிலம் கோயிலில் தாலி கட்டினார். பிறகும் ஏஜெண்டு விடவில்லை. மறுபடி வெல்டருக்கு மார்க் வந்துவிட்டது என்று ஒருநாள் மருந்துக்கடையில் போன். கனடா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு, "ஊட்ல கேட்டுச் சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டார். அவர் கேட்கவே இல்லை.

கனடாவுக்கு அது நஷ்டமா என்று எனக்குத் தெரியாது. காலையில் நான் இன்ஸ்டிட்யூட்டைத் திறக்கும்போது எதிர்ப்பக்கம் அவர் இருப்பது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.