குழாய்க்குள்ள போன மத்தியானச் சாப்பாடு

அன்னைக்கு வேலை ரொம்பச் சாதாரணம். துறைமுகத்துப் பக்கம் ஒரு பெட்ரோல் கிடங்குல பழைய வயரை உருவிட்டுப் புது வயர் இழுக்கணும். கடைசியா குழாயை அடைக்கணும். அவ்வளவுதான்.

ஜப்பான்காரன் எங்க ஊரைப் பிடிச்சு ஆண்ட காலம். நான் வயர்மேன். கிடங்குக்கும் பக்கத்து ஆபீசுக்கும் நடுவுல ஒரு இரும்புக் குழாய், அதுக்குள்ளதான் வயர் போகும். அடைப்பு சரியா இறுகலைன்னா பெட்ரோல் ஆவி அது வழியா ஆபீசுக்கு வந்துடும். அங்க சுவிச்சைத் தட்டினா ஒரு பொறி போதும்.

அந்தச் சுவிச்சுக்குக் கீழதான் ஆபீஸ் கணக்கெழுதுற யாழ்ப்பாணத்துக் கிராணி கந்தையாண்ணனோட மேசை.

"தம்பி, வடிவா அடைச்சு விடு. நான் பிள்ளைகுட்டிக்காரன்"னார்.

"என் கை பட்டா எறும்புகூடப் புகாதுலா, அண்ணே!"

வாய்க்கொழுப்பு!

சீமையில இருந்து வந்த அடைப்பு மாவு எப்பவோ தீர்ந்துபோச்சு. அதனால சூலியா தெருவுல சுண்ணாம்புப் பொடி வாங்கி, எண்ணெய் விட்டு வீட்டுலயே பிசைஞ்சு ஒரு தகர டப்பாவுல கொண்டுபோனேன். அதே மாதிரி இன்னொரு டப்பாவுல என் பெண்சாதி கனகம் மத்தியானச் சாப்பாடு வச்சிருந்தா. அரிசி ஏது? மரவள்ளிக்கிழங்கை அவிச்சு மசிச்சு, தேங்காய்ப்பூ போட்டது.

ஒரு டப்பாவைத் திறந்தேன். வெள்ளையா, நார் நாரா இருந்துச்சு. பிடிப்புக்கு நார் வேற சேர்த்திருக்கேனேன்னு என்னை நானே மெச்சிக்கிட்டு, குழாய் நடுவுல இருக்கற அடைப்புப் பெட்டிக்குள்ள திணிச்சு மூடியை முறுக்கிட்டேன்.

பசிச்சது. மற்ற டப்பாவோட வாசல்ல உட்கார்ந்தேன். ரெண்டு வாய் போட்டேன். உப்பில்லை. பல்லுல ஒட்டுச்சு. இன்னைக்குக் கிழங்கு சரியில்லை போலன்னு அடுத்த உருண்டையை உருட்டும்போதுதான் சுண்ணாம்பு நாக்கைச் சுட்டுச்சு!

ஐயோ! அப்ப குழாய்க்குள்ள இருக்கறது?

துப்பிட்டு ஓடினேன். ஆபீசுல ஜப்பான் அதிகாரி! சோதிச்சுப் பார்க்க வந்தவர், சுவிச்சுக்குக் கையை நீட்டுறார். தடுத்தா அறை விழும். தடுக்கலைன்னா எங்க மூணு பேருக்கும் சங்குதான்.

அவங்களைக் கண்டா குனிஞ்சு வணங்கணும்னு சட்டம். நான் சுவிச்சுக்கும் அவருக்கும் நடுவுல புகுந்து குனிஞ்சேன். அவர் தலையை ஆட்டிட்டு மறுபடி கையை நீட்டினார். மறுபடி குனிஞ்சேன்!

"உனக்கென்ன விசரோ?" கந்தையாண்ணே பல்லைக் கடிச்சார்.

குனிஞ்ச வாக்குலயே சொன்னேன், "அண்ணே, குழாய்க்குள்ள இருக்கறது என் சாப்பாடு!"

அவர் முகம் வெளுத்துச்சு. உடனே அவரும் வந்து குனிஞ்சார். நான் நிமிர்ந்தா அவர் குனிவார், அவர் நிமிர்ந்தா நான் குனிவேன்.

பளார்! எனக்குத்தான்.

கந்தையாண்ணே தனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஜப்பான் பாஷையில குழாயைக் காட்டி, "இன்னும் ஈரம், ஈரம்"னார். அதிகாரி மூடியைத் திறக்கச் சொன்னார். விரலால தோண்டினார். மோந்து பார்த்தார். வாயில போட்டார்!

மென்னார். தலையாட்டினார். மிச்சத்தை வழிச்சு, சாப்பாட்டு டப்பாவோட வாங்கிக்கிட்டுப் போயிட்டார்!

நான் பட்டினியோட சுண்ணாம்பு மாவை வச்சு ஒழுங்கா அடைச்சேன். அது இறுகின பிறகு விளக்கு எரிஞ்சுது. கந்தையாண்ணே உசிரோட வீட்டுக்குப் போனார்.

வீட்டுல நடந்ததைச் சொன்னேன். கனகம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. நானும் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்.

"ரெண்டு வாய் வரைக்கும் எனக்கு வித்தியாசமே தெரியலை, கனகம்."

சிரிப்பு நின்னுபோச்சு.

அதிகாரி விட்ட அறை மறுநாளே ஆறிடுச்சு. கனகம் இன்னும் ஆறலை.