பியானோவுக்குப் பல் கட்டியவர்

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. அப்படி ஒன்று கலந்திருந்தால் நாளைக்குக் காலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளட்டும். பாட்டு டீச்சர் வீட்டுப் பியானோவைத் தெருவே காதாரக் கேட்டிருக்கிறது, வேறு சாட்சி எதற்கு? மழைக்காலத்தில் அதற்குத் தொண்டை கட்டிக்கொள்ளும், வெயில் வந்தால் தெளிந்துவிடும் என்பதுகூட அங்கே எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்கு அந்தப் பியானோவுக்கு அடியில் ரசமட்டம் மல்லாந்து படுத்திருந்தார். ரசமட்டம் என்பது தச்சருக்கு ஊர் வைத்த பெயர். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்க்கிற அந்தக் கருவி எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். வீட்டில் சாப்பாட்டு மேசை சாயவில்லை என்று அது சொன்ன பிறகுதான் தட்டையே வைக்க விடுவார். கோணலைக் கண்டால் நிமிர்த்தாமல் நகரமாட்டார்.

பியானோவின் பின்னங்கால் ஆடியது. அதற்கு ஒரு மரச்சக்கை செருகி இறுக்கியாயிற்று. தலைக்கு மேலே டீச்சர் வாசித்துப் பார்த்தார். ச ரி க ம என்று படிப்படியாக ஏறி, அதே வழியில் இறங்கி வந்தது நாதம். ஆட்டமும் நின்றிருந்தது.

“அண்ணே, அசையவே இல்ல!” என்றார் டீச்சர். “சாயங்காலம் ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வர்றாரு. அனுமதி மட்டும் கெடச்சுட்டா மாடி வச்சுப் பள்ளிக்கூடம் கட்டறோம். கதவு, ஜன்னல், படிக்கட்டு, எல்லாம் உங்க கைதான்.”

“கெடைக்கலன்னா?”

“இந்தப் பெட்டிய ஒடச்சு அடுப்பெரிக்க வேண்டியதுதான்.”

ரசமட்டம் சக்கையை இன்னொரு முறை தட்டி இறுக்கினார். உருப்படியாக ஒரு வேலை வந்து நெடுநாள் ஆகிறது. ஊரெல்லாம் தகரக் கதவுக்கு மாறிவிட்டது. அதை விற்கிறவன் யார் என்றால், பெண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பி. போன வாரம் வந்து, “கடை வாசல்ல நிக்க ஒரு ஆள் வேணும் அத்தான், சும்மாதானே இருக்கீங்க?” என்று கேட்டுவிட்டுப் போயிருந்தான்.

டீச்சர் இன்ஸ்பெக்டரை அழைத்துவரக் கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “கால் வேலை முடிஞ்சுது. வேற எதையும் தொட்டுடாதீங்க.”

தொட வேண்டாம் என்று சொன்ன இடத்தில்தானே கை அரிக்கும்? ரசமட்டம் வெளியே வந்து, மரத்தூளைத் தட்டிவிட்டு, முதல்முறையாகப் பியானோவை நேருக்கு நேர் பார்த்தார். பகீர் என்றது.

வெள்ளைக் கட்டைகள் சீராக இருந்தன. கருப்புக் கட்டைகள்தான் பல்லிளித்தன. ரெண்டு கருப்பு, ஒரு காலி இடம். மூன்று கருப்பு, மறுபடி காலி. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இதே லட்சணம். காலி இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளையை விரலால் அமுக்கினார். ‘டொக்’ என்றது, அவ்வளவுதான்.

“பல்லு போன வாயில காத்துதானே வரும்,” என்று பரிதாபப்பட்டார்.

தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுவந்த அவருடைய மனைவி வாசற்படியிலேயே நின்றாள். “கால் வேலைன்னுதானே வந்தீங்க? முடிஞ்சா கையக் கழுவிட்டு வாங்க.”

“கதவு மாட்ட வந்தவன் ஜன்னல் ஒடஞ்சு கெடந்தா பாத்துட்டு சும்மா போவானா?”

“போவான். புத்தியிருந்தா.”

ரசமட்டம் காதில் வாங்கவில்லை. கருமருது மரத்துண்டு ஒன்று பையில் கிடந்தது. அறுத்தார், இழைத்தார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். காலி இடம் ஒவ்வொன்றிலும் ஒரு கருப்புக் கட்டையைப் பக்கத்து வெள்ளையின் விளிம்பில் பசை வைத்து உட்கார்த்தினார். பழசும் புதுசும் ஒரே மாதிரி மின்ன வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பாலீஷ் வேறு. வெள்ளை, கருப்பு, வெள்ளை, கருப்பு என்று வரிசை இப்போது கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

பசை காய்ந்த நேரத்தில் மருந்துக்கடைக்காரர் வந்தார். அவர் டீச்சரின் தம்பி. இன்ஸ்பெக்டர் முன்னால் வாசித்துக்காட்ட டீச்சர் நம்பியிருந்தது அவர் ஒருவரைத்தான். உட்கார்ந்தார், கையைத் தூக்கினார். தூக்கின கை தூக்கினபடியே நின்றது.

“யோவ், ச எங்கய்யா?”

“எது?”

“ச! ரெண்டு கருப்பு சேந்து நிக்கும், அதுக்கு எடதுபக்கத்து வெள்ளைதான் ச. இங்க ரெண்டையும் காணோம், மூணையும் காணோம். ரயில் பெட்டி மாதிரி எல்லாம் ஒண்ணுபோல நிக்குது. நான் எதுல ஏறுவேன்?”

அந்த நேரம் பார்த்து டீச்சர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். இன்ஸ்பெக்டர் தெருமுனை சலூனில் முகச்சவரம் செய்துகொள்கிறாராம், முடித்துவிட்டு வந்துவிடுவாராம். பியானோவைப் பார்த்த டீச்சர் அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

“அண்ணே, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?”

“விட்டுப்போனதை வச்சேன் டீச்சரம்மா. காசு வேண்டாம்.”

“விட்டுப்போகல, விட்டு வச்சது! இங்க பாருங்க. ச-விலேருந்து மேல் ச-வரைக்கும் ஏழு படி ஏறணும். முழுப்படின்னா ரெண்டு அரைப்படி. நடுவுல நிக்கிற அரைப்படிதான் கருப்பு. க-விலேருந்து ம-வுக்கு ஒரே ஒரு அரைப்படி. நி-யிலேருந்து மேல் ச-வுக்கும் அப்படித்தான். அங்க நடுவுல நிக்க ஒண்ணுமே இல்ல, கருப்பு எங்கேருந்து வரும்?”

ரசமட்டம் தொழில் தெரிந்தவர். படிக்கட்டு என்றதும் பிடித்துக்கொண்டார். “ஒசரம் ஒண்ணுபோல இல்லாத படியில ஏறினா மனுஷனுக்கு முட்டி பேந்துரும் டீச்சரம்மா!”

“அது காலுக்கு. காதுக்கு அந்தக் குட்டைப்படி வந்தாத்தான் வீடு வந்து சேந்த மாதிரி இருக்கும்.”

“அக்கா, கதாகாலட்சேபம் அப்புறம்,” என்றார் தம்பி. “சவரம் முடிஞ்சிரும். புதுசை மட்டும் பேத்து எடுக்கச் சொல்லு.”

உளியை எடுத்த ரசமட்டம் அங்கேயே நின்றார். எது புதுசு?

கண்ணால் பார்த்தார். தடவிப் பார்த்தார். குனிந்து ஒவ்வொரு கட்டையாக மோந்து பார்த்துக்கொண்டே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனார். எல்லாம் ஒரே பாலீஷ் வாசனை.

“தெரியலையா?” என்றாள் மனைவி.

“என் வேலையில வித்தியாசம் கண்டுபிடிக்க எவனாலயும் முடியாதுடி,” என்றார். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. இடது கோடியின் முதல் வெள்ளை ச. அங்கிருந்து ரெண்டு கருப்பை விட்டு ஒன்றைப் பெயர்ப்பது, மூன்றை விட்டு ஒன்றைப் பெயர்ப்பது. கணக்கு சுத்தம். உளியை வைத்து நெம்பினார். சில கட்டைகள் வேரோடு வர மறுத்தன. ‘நம்ம பசை அப்படி’ என்று நினைத்துக்கொண்டு ஓங்கித் தட்டினார். பழையபடி ரெண்டும் மூன்றுமாக வரிசை வந்துவிட்டது.

டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “பியானோவோட முதல் கட்டை ச இல்லண்ணே, த! நெஜமான கட்டையப் பேத்துட்டு உங்க கட்டைய விட்டு வச்சிருக்கீங்க! இப்ப ச மாதிரி தெரியறதெல்லாம் த.”

“அதுல என்ன, எல்லாம் வெள்ளைதானே?”

“அதே படிக்கட்டுதான், ஆனா வேற படியிலேருந்து ஏறினா குட்டைப்படி வேற எடத்துல வரும். கல்யாண வீட்டுப் பாட்டு எழவு வீட்டுப் பாட்டாயிடும். இன்ஸ்பெக்டர் விரலப் பாத்தே சொல்லிடுவாரு!”

ரசமட்டத்தின் கண்முன்னால் தகரக்கடை வாசலும் அதில் ஒரு ஸ்டூலும் வந்து போயின. மருந்துக்கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, எப்பாடு பட்டாவது நெஜமான ச-வைத் தேடிப் பிடிச்சிருங்க. என் பொழப்பே அதுலதான் இருக்கு.”

“சத்தத்தைப் பத்தி நீங்க ஏன் கவலைப்படறீங்க? அதை அக்கா பாத்துக்குவா. எனக்கு வெரல் வைக்க ஒரு எடம் தெரிஞ்சாப் போதும்.”

செருப்புச் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் மழுமழுவென்ற முகத்தோடு நுழைந்தார். பியானோவைச் சுற்றி வந்தார், காலை ஆட்டிப் பார்த்தார். மேல் மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மெல்ல மூடினார். மர வேலையை மெச்சுகிறார் என்று ரசமட்டம் நிமிர்ந்து நின்றார். இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து, “சந்தோஷமா ஒண்ணு வாசிங்க,” என்றார்.

டீச்சர் வழக்கம்போல் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். தம்பி விரலை வைத்தார். தப்பான இடம்தான். ரசமட்டம் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

எழவுப் பாட்டு வரவில்லை. ச ரி க ம என்று குதித்துக்கொண்டு, பிசிறில்லாமல், தெருவில் போகிறவர்கள் நின்று கேட்கும்படி வந்தது. ரசமட்டம் ஒரு கண்ணைத் திறந்தார். கருப்புக் கட்டை பெயர்ந்த பள்ளத்தில் விரல் விழுந்தது, அதிலிருந்தும் சுரம் வந்தது. நடுவில் மருந்துக்கடைக்காரர் மூக்கைச் சொறிய ஒரு கையை எடுத்தார். அப்போதும் ஒரு சுரம்கூடக் குறையவில்லை.

“பாத்தியாடி, கைவேலைன்னா இது,” என்று மனைவியின் காதில் கிசுகிசுத்தார். அவள் பியானோவைப் பார்க்கவில்லை. திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது. இன்ஸ்பெக்டர் கை தட்டினார். மேசைமேல் காகிதத்தை வைத்து ஏதோ எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். ரசமட்டத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாடிப் படிக்கட்டுக்கு எந்த மரம் என்றுகூட மனசுக்குள் முடிவு செய்துவிட்டார்.

காகிதத்தை டீச்சரிடம் நீட்டியபடி இன்ஸ்பெக்டர் சொன்னார்: “அனுமதி கொடுத்துட்டேம்மா, ஆனா பியானோப் பள்ளின்னு இல்ல, வாய்ப்பாட்டுப் பள்ளின்னுதான் எழுதியிருக்கேன், அந்தப் பெட்டிக்குள்ள சத்தம் எழுப்ப ஒரு கம்பிகூடக் கிடையாது.”